40 தாண்டியவர்களின் நடைக்குழு: ஆரம்பிக்கும் முன் எந்த டெஸ்ட் அவசியம், எது வீண் செலவு?

காளப்பட்டி_நடை கேட்டது:

வணக்கம். எங்கள் அபார்ட்மென்ட்டில் 26 பேர் சேர்ந்து காலை நடைக்குழு ஆரம்பிக்கிறோம். வயது 38 முதல் 61 வரை. ஒன்பது பேர் பெண்கள். முக்கால்வாசிப் பேருக்கு நாள் முழுக்க நாற்காலி வேலை. ஆறு பேருக்கு சுகர், எட்டுப் பேர் பிபி மாத்திரை சாப்பிடுகிறார்கள். திங்கள், செவ்வாய், புதன் வளாகத்துக்குள்ளேயே நடை, ஞாயிறு மட்டும் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை என்று திட்டம். ஞாயிறு நடை முடிந்த கையோடு ஒரு மணி நேரம் ஷட்டில் கோர்ட் எடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. "முழு உடல் பரிசோதனை பேக்கேஜ், ட்ரெட்மில், எக்கோ எல்லாம் எடுத்து ரிப்போர்ட் கொண்டுவந்தால்தான் சேர்க்கணும்" என்கிறது ஒன்று. "நடக்கறதுக்கு எதுக்குங்க டெஸ்ட், நடந்தாலே எல்லாம் சரியாயிடும்" என்கிறது இன்னொன்று.

தெரிந்தவர்களிடம் கேட்பது இதுதான்: யாருக்கு எந்த டெஸ்ட் உண்மையில் வேண்டும்? இதயத்துக்குப் பலன் கிடைக்க எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்? ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல் என்றால் கவலை இல்லாமல் இருக்கலாமா?

---

நாடிக்கணக்கு பதில்:

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது அங்கேதான். ட்ரெட்மில் நார்மல் என்றால் கவலை இல்லாமல் இருக்கலாமா? முடியாது.

ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இசிஜி எடுக்கும் ட்ரெட்மில் டெஸ்ட்டில் வழக்கமாகப் பின்பற்றுவது புரூஸ் முறை. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் ஏறும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீதச் சரிவு. மூன்றாவது கட்டத்தில் 5.5 கி.மீ., 14 சதவீதம். இதயம் வேகமாகத் துடிக்கும்போது தசைக்கு ரத்தம் போதவில்லை என்றால் இசிஜி கோட்டில் மாற்றம் தெரியும். ரத்தம் போதாமல் போக, குழாய் ஏறக்குறைய 70 சதவீதமாவது சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் மாரடைப்பு எல்லாமே அப்படிப் பெரிய அடைப்பில் இருந்து வருவதில்லை. 30, 40 சதவீதம் மட்டுமே குழாயை அடைத்திருக்கும் கொழுப்புத் திட்டின் மேல்தோல் திடீரெனக் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் முழுவதும் மூடிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. முந்தைய வாரம் அதே ஆளுக்கு ட்ரெட்மில் எடுத்திருந்தால் நார்மல் என்றுதான் வந்திருக்கும். "போன மாசம்தான் எல்லா டெஸ்ட்டும் எடுத்தார், நார்மல்னு சொன்னாங்களே" என்று துக்க வீடுகளில் பேசிக்கொள்வதன் பின்னணி இதுதான். லேப் ஏமாற்றவில்லை. அந்த டெஸ்ட்டுக்குத் தெரியாத ஒன்றை அதனிடம் கேட்டிருக்கிறார்கள்.

மறுபக்கம் இன்னும் மோசம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பெரிய அடைப்பு உள்ளவர்களில் ட்ரெட்மில் சரியாகப் பிடிப்பது சுமார் 68 சதவீதம், அடைப்பு இல்லாதவர்களைச் சரியாக நார்மல் என்பது சுமார் 77 சதவீதம். எந்தத் தொந்தரவும் இல்லாத 1000 பேரை ஓடவிடுவோம். அவர்களில் 50 பேருக்கு நிஜமாகவே அடைப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிடிபடுவது 34 பேர், தப்பிவிடுவது 16 பேர். அடைப்பே இல்லாத 950 பேரில் சுமார் 218 பேருக்கு "பாசிட்டிவ்" என்று வரும். பாசிட்டிவ் வந்த 252 பேரில் நிஜமான நோயாளி 34 பேர்தான். மீதிப் பேர் பயந்து, கடன் வாங்கி, தேவையில்லாமல் ஆஞ்சியோ (குழாய் விட்டு இதய ரத்தக்குழாயைப் படம் எடுப்பது) வரை போவார்கள். பெண்களில் இந்தப் பொய் பாசிட்டிவ் இன்னும் அதிகம். நெஞ்சில் தொந்தரவு உள்ளவருக்கு இதே டெஸ்ட் நல்ல கருவி. தொந்தரவு இல்லாதவரை வரிசையில் நிறுத்தி எடுப்பதுதான் தவறு.

இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் எக்கோவும் அப்படித்தான். வால்வு, இதயத் தசையின் தடிமன், பம்ப் செய்யும் திறன் ஆகியவற்றை அது காட்டும். ரத்தக்குழாய் அடைப்பை நேரடியாகக் காட்டாது. "எக்கோ நார்மல், அதனால் அடைப்பு இல்லை" என்பது பிழையான முடிவு.

ஆக, குழுவில் சேர்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் மூன்று விஷயம் கேளுங்கள். இப்போது வாரத்தில் மூன்று நாளாவது அரை மணி நேரம் உடற்பயிற்சி உண்டா? சுகர், இதய நோய், சிறுநீரக நோய் ஏதாவது இருக்கிறதா? நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு இறுக்கம், அளவுக்கு மீறிய மூச்சுவாங்கல், மயக்கம், படபடப்பு வருகிறதா?

மூன்றாவதற்கு "ஆமாம்" என்றால் அவர் நடையைத் தொடங்கவே கூடாது, முதலில் மருத்துவர். அதிலும் நடந்தால் வந்து, நின்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் இறுக்கம் இருந்தால் அந்த வாரமே. நம் ஊரில் இதற்கு "கேஸ்" என்று பெயர் வைத்து ஓமவாட்டர் குடிப்பார்கள். வாயு படி ஏறினால் மட்டும் வந்து, நின்றால் மறைவதில்லை.

இரண்டாவதற்கு "ஆமாம்", இதுவரை பயிற்சியே கிடையாது என்றால், மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்கட்டும். உங்கள் ஆறு சுகர்காரர்களும் இதில் வருவார்கள். வேறு டெஸ்ட் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் "இல்லை" என்றால், மெதுவான நடையில் தொடங்க எந்த டெஸ்ட்டும் தடை அல்ல. நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

ஒரே ஒரு தனிக் கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்குள், அம்மா அல்லது அக்கா தங்கைக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருக்கிறதா? இதற்கு "ஆமாம்" சொல்பவர்களின் கொலஸ்ட்ரால் கணக்கே வேறு. பெண்களிடம் கூடுதலாக, கர்ப்ப காலத்தில் பிபி ஏறியதா, சுகர் வந்ததா, 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கேட்க வேண்டும். இவை பிற்காலத்தில் இதய நோய் வாய்ப்பைக் கூட்டுபவை. பேக்கேஜ் படிவங்களில் இந்தக் கேள்விகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

---

மீட்டர்_கை பதில்:

மேலே சொன்னது நடக்கலாமா வேண்டாமா என்பதுங்க. "நடக்க டெஸ்ட் வேண்டாம்" என்றால் "டெஸ்ட்டே வேண்டாம்" என்று அர்த்தம் இல்லை. 40 தாண்டிய யாருக்கும் சில எண்கள் கையில் இருந்தாக வேண்டும். பிபி, சுகர், கொழுப்பு, இடுப்பளவு, புகை. அவ்வளவுதான். தொண்ணூறு டெஸ்ட் பேக்கேஜில் இதயத்துக்கு வேலை செய்வது இந்த நாலைந்துதான்.

பேக்கேஜ் பற்றி ஒரு கணக்குங்க. லேப்பில் "நார்மல் ரேஞ்ச்" என்று போடுவது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. அதாவது நல்ல ஆளுக்கே ஒரு டெஸ்ட்டில் 5 சதவீதம் சிவப்பு எழுத்து வரும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஏதாவது ஒன்றாவது சிவப்பில் வர 64 சதவீதம் வாய்ப்பு. 90 எடுத்தால் சிவப்பே இல்லாமல் வருவதுதான் ஆச்சரியம். அப்புறம் அந்தச் சிவப்புக்கு ஒரு டாக்டர், அதற்கு ஒரு ஸ்கேன்.

பிபியில் நடக்கும் தப்புதான் எல்லாவற்றையும் விட அதிகம். எடுக்கும் முறை: அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, சிகரெட், பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசை மேல் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். கை தொங்கினால் எண் கூடும். சட்டை மேல் பட்டை சுற்றக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரி போட வேண்டும். முதல் தடவை இரண்டு கையிலும் எடுத்துப் பார்த்து, எதில் கூட வருதோ அந்தக் கையையே பிறகு பயன்படுத்துங்க.

பட்டையின் அளவை யாரும் பார்ப்பதே இல்லை. மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை மேற்கைச் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரைதான் சரி. கை பருமனானவருக்கு அதே பட்டையைச் சுற்றினால் இல்லாத பிபி வந்துவிடும். குழுவுக்கு ஒரு மெஷின் வாங்கப் போறீங்கன்னா பெரிய பட்டையையும் சேர்த்து வாங்குங்க. மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், கை நிலை கொஞ்சம் மாறினாலே எண் தள்ளாடும்.

மருத்துவமனையில் 140/90, வீட்டில் 135/85. இதற்கு மேலே தொடர்ந்து இருந்தால் உயர் ரத்த அழுத்தம். சந்தேகம் இருப்பவர் வீட்டில் 7 நாள் காலை, மாலை இரண்டிரண்டு தடவை எடுக்கட்டும். காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன்னாடி. முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு, மீதி ஆறு நாளின் 24 எண்களுக்குச் சராசரி. அந்த ஒரு துண்டுச் சீட்டு டாக்டருக்கு பேக்கேஜ் ரிப்போர்ட்டை விடப் பயன்படும்.

கொழுப்பு டெஸ்ட்டில் "எல்டிஎல்" (கெட்ட கொலஸ்ட்ரால்) என்று வருவது பல லேப்களில் அளந்தது இல்லை, கணக்குப் போட்டது. மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ராலையும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் இந்தக் கணக்கே செல்லாது. அதற்குக் கீழேயும் ஏமாற்றும். உதாரணம்: மொத்தம் 210, எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 260. எல்டிஎல் 120 என்று வரும், பார்க்க ரொம்ப மோசமாகத் தெரியாது. ஆனால் மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்க: 172. குழாயில் படியக்கூடிய கொழுப்பு முழுக்க இந்த 172க்குள்ளதான் இருக்கு. இந்த எண்ணுக்கான இலக்கு எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டியது. ஆபத்துக் குறைவானவருக்கே 130க்குள் இருக்க வேண்டும். அரிசி, இனிப்பு அதிகம், தொப்பை, எச்டிஎல் குறைவு, டிரைகிளிசரைடு ஏற்றம் என்ற கூட்டணி நம்ம பக்கம் ரொம்ப சகஜம். அதனால் ரிப்போர்ட்டில் முதலில் இந்தக் கழித்தலைப் போடுங்க.

எல்டிஎல் 190ஐத் தாண்டினால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் சந்தேகம். அதை நடையால் சரி செய்ய முடியாது, மாத்திரை வேண்டும், பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும். குடும்பத்தில் சிறு வயது மாரடைப்பு இருந்தால் லிப்போபுரோட்டீன் ஏ என்ற டெஸ்ட்டை ஆயுளில் ஒரு தடவை எடுத்தால் போதும். அது பிறப்பிலேயே தீர்மானமானது, உணவுக்கும் நடைக்கும் அசையாது. 50 மி.கி.க்கு மேல் என்றால் மற்ற எண்களை இன்னும் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

சுகருக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்): 5.7க்குக் கீழே நார்மல், 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5ம் அதற்கு மேலும் சுகர். இரும்புச்சத்துக் குறைவான சோகை இருந்தால் இந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இடுப்பளவு பேன்ட் அளவு இல்லைங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்முனைக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு டேப் வைக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. வெள்ளைக்காரர்களுக்கு உள்ள எல்லையை விட இது குறைவு. நம் உடல்வாகில் அதே எடையில் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதால்தான்.

ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாள் புதிதாக ஜிம் போய்ப் பளு தூக்காதீங்க. தசை நொதிகள் ஏறி, கல்லீரல் டெஸ்ட்டில் ஒன்று சிவப்பாக வந்து வீண் பயம். காய்ச்சல் விட்ட கையோடும் எடுக்க வேண்டாம், கொழுப்பு எண்கள் பொய்யாகக் குறைந்து காட்டும். மற்றபடி பிபி, சுகர் சோதனை 30 வயதுக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்ட்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

---

தசைநார் பதில்:

டெஸ்ட் பற்றி இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். நடைக்கு வருகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசை வலுப்பயிற்சி. சிக்கல் "மிதமான" என்ற சொல்லில்தான். பேசிக்கொண்டே உலாவுவது மிதம் ஆகாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. காலடியை எண்ணிப் பார்க்கலாம்: 15 நொடியில் 25 அடி, அதாவது நிமிடத்துக்கு 100. ரேஸ்கோர்ஸ் ஒரு சுற்று ஏறக்குறைய 2.5 கி.மீ. 30 நிமிடத்தில் முடித்தால் மணிக்கு 5 கி.மீ., நல்ல மித வேகம். 45 நிமிடம் ஆனால் மணிக்கு 3.3 கி.மீ.தான். அது கெடுதல் இல்லை, ஆனால் 150 நிமிடக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுற்று முடித்து நேராகப் போண்டா, காபி என்றால் கணக்கு நேர்மறையா எதிர்மறையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடி பார்ப்பவர்களுக்கு: 220இல் வயதைக் கழித்து வருவதில் 64 முதல் 76 சதவீதம். 50 வயதுக்காரருக்கு 109 முதல் 129 வரை. இந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தவறும். அட்டெனலால், மெட்டோபுரோலால் வகை பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் செல்லவே செல்லாது, அந்த மாத்திரை நாடியை ஏறவிடாது. எட்டுப் பேரில் சிலராவது அதில் இருப்பார்கள். கைக்கடிகாரம் 110ஐத் தொடவில்லையே என்று ஓடித் துரத்தினால் அவர்கள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பேச்சு அளவு மட்டும்.

உங்கள் கிழமைத் திட்டத்தை மாற்றுங்கள். திங்கள், செவ்வாய், புதன் நடந்துவிட்டு வியாழன், வெள்ளி, சனி சும்மா இருப்பது சுகர்காரர்களுக்கு நஷ்டம். நடக்கும்போது தசை, இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை உறிஞ்சும். நடை முடிந்த பிறகும் ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதன் பிறகு பழைய நிலை. பிபி இறக்கமும் ஒரு நாள் அளவுக்கே நிற்கும். ஆகவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு என்று வையுங்கள். நடுவில் உள்ள நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10, 15 நிமிட நடை போதும்.

ஏற்றும் முறை: முதல் இரண்டு வாரம் 15 நிமிடம், சுலபமான வேகம். பிறகு வாரம் ஐந்து நிமிடம் கூட்டி 40 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். நேரம் முதலில் ஏற வேண்டும், வேகம் பிறகு. இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்றுபவர்கள் குதிகால் வலி, கெண்டைக்கால் இழுப்பு என்று மூன்றாவது வாரம் காணாமல் போவார்கள். ஆறாவது வாரத்துக்குப் பிறகு வேண்டுமானால் 3 நிமிடம் சாதாரணம், 1 நிமிடம் வேகம் என்று ஐந்து சுற்று. தொடக்கத்தில் 5 நிமிடம் மெதுவாக, முடிவிலும் 5 நிமிடம் மெதுவாக. வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் காலில் தேங்கிய ரத்தம் மேலே வராமல் தலை சுற்றும். பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் அப்படியே சாய்ந்துவிடுவதும் உண்டு.

வலுப்பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10, படியில் ஏறி இறங்குவது காலுக்குப் பத்து, குதிகால் உயர்த்துவது 15. இதை இரண்டு சுற்று. எழும்போது மூச்சை விட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் பிபி அந்த நொடியில் எகிறும். சுகரால் விழித்திரை பாதித்தவர்கள் பளு தூக்கும் முன் கண் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

நடையால் எது மாறும், எது மாறாது என்பதையும் குழுவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உயர் பிபி உள்ளவருக்கு மேல் எண் 5 முதல் 8 வரை இறங்கலாம். டிரைகிளிசரைடு இறங்கும், எச்டிஎல் கொஞ்சம் ஏறும், ஓய்வு நாடி குறையும், ரத்தக்குழாயின் உட்சுவர் விரிந்து கொடுக்கும் தன்மை கூடும். எல்டிஎல் பெரிதாக அசையாது. மூன்று மாதம் நன்றாக நடந்துவிட்டு, "உடம்பு லேசா இருக்கு" என்று கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தானாக நிறுத்துவது நடைக்குழுக்களில் அடிக்கடி நடக்கும் தவறு. பிபி மாத்திரையையும் டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

ஒரு பழைய ஆய்வைப் பற்றிக் கொஞ்சம். 1953இல் ஜெர்ரி மோரிஸ் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை வைத்து, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களை விட நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டினார். உடற்பயிற்சி பற்றிய எல்லாப் பேச்சிலும் இது வரும். அதே குழு 1956இல் யூனிஃபார்ம் அளவுகளைப் பார்த்தபோது, டிரைவர்களின் இடுப்பளவே பெரிது என்று தெரிந்தது. ஆக, வித்தியாசம் முழுவதும் படிக்கட்டால் வந்தது என்று சொல்ல முடியாது. பிறகு வந்த ஏராளமான ஆய்வுகள் மோரிஸ் பக்கம்தான் நிற்கின்றன என்பது வேறு.

---

காளப்பட்டி_நடை:

மிக்க நன்றி. கிழமை மாற்றிவிட்டோம். இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, ஞாயிறு ஷட்டில் பற்றி யாரும் சொல்லவில்லையே? இரண்டு, இருவர் கால்சியம் ஸ்கோர் ஸ்கேன் எடுக்கலாமா என்கிறார்கள். மூன்று, நடக்கும்போது யாருக்காவது நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வது? ஒருவர் சட்டைப்பையில் சார்பிட்ரேட் (நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை) வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

---

நாடிக்கணக்கு பதில்:

ஷட்டில்தான் உங்கள் திட்டத்திலேயே ஆபத்தான பகுதி. நடையில் நாடி மெல்ல ஏறும். ஷட்டிலில் பத்து நொடியில் 160க்குப் பாயும், நிற்கும், மறுபடி பாயும். பாயின்ட்டுக்காக ஆடும்போது உடம்பு சொல்வது காதில் விழாது. 1993இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு: வாரம் ஒரு தடவை கூடக் கடும் பயிற்சி செய்யாதவர் திடீரெனச் செய்தால், அந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு சும்மா இருக்கும் நேரத்தைப் போல் 107 மடங்கு. வாரம் ஐந்து நாளும் அதற்கு மேலும் செய்பவருக்கு 2.4 மடங்குதான். ஒரு மணி நேரத்துக்கான அடிப்படை வாய்ப்பு மிக மிகச் சிறியது என்பதால் 107ஐப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கெடுப்பது விளையாட்டு அல்ல. ஆறு நாள் நாற்காலி, ஏழாம் நாள் ஸ்மாஷ் என்ற முறைதான் கெடுக்கிறது.

என் யோசனை: முதல் மூன்று மாதம் ஷட்டில் கிடையாது. அதற்குப் பிறகு, வாரம் நாலு நாள் தவறாமல் நடந்தவர்கள் மட்டும், முதலில் இரட்டையர் ஆட்டம். சுகர், புகை, குடும்ப வரலாறு, உயர் பிபி இவற்றில் இரண்டு இருப்பவர்கள் ஷட்டிலுக்கு முன் மருத்துவரைப் பார்க்கட்டும். கடும் பயிற்சிக்குப் போகும் அந்த ஆளுக்கு ட்ரெட்மில் அர்த்தமுள்ள டெஸ்ட்டாகிறது. காய்ச்சல் இருக்கும்போதும் விட்ட ஒரு வாரத்துக்கும் யாரும் ஆட வேண்டாம். வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருந்தால் தாளம் தப்பும்.

இதய ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் ஸ்கோர் நல்ல டெஸ்ட்தான், சரியான ஆளுக்கு. ஊசி மருந்து இல்லாத சி.டி., கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட். கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்குவதா வேண்டாமா என்று மருத்துவரும் நோயாளியும் இழுபறியில் இருக்கும்போது அது முடிவு சொல்லும். 100க்கு மேல் என்றால் மாத்திரை பக்கம் சாயலாம். சுகரும் எல்டிஎல்லும் கூடியிருப்பவருக்கு மாத்திரை எப்படியும் வேண்டும், ஸ்கேன் புதிதாக எதையும் சொல்லாது.

---

மீட்டர்_கை பதில்:

ஒரு சின்னத் திருத்தம் சேர்க்கணுங்க. ஸ்கோர் 0 என்று வந்தால் பலர் அதைச் சான்றிதழ் மாதிரி எடுத்துக்கிறாங்க. சுண்ணாம்பு படிந்த பழைய திட்டு மட்டுமே அதில் தெரியும். 40 வயதுக்காரரின் மெத்தென்ற புதுத் திட்டில் சுண்ணாம்பு இருக்காது. புகைக்கிறவருக்கு, சுகர் உள்ளவருக்கு, அப்பாவுக்கு 50இல் மாரடைப்பு வந்தவருக்கு 0 என்பது நிம்மதி தராது. நம் பகுதியில் மாரடைப்பு சீக்கிரமே வருது என்பதை மறக்க வேண்டாம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பின் நடு வயது தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்கு சுமார் 59.

---

நாடிக்கணக்கு பதில்:

சரியான திருத்தம். ஏற்கிறேன்.

சார்பிட்ரேட் பொதுப் பையில் வேண்டாம். ஏற்கெனவே இதய நோயாளியாக இருந்து, அவருக்கென்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் அவர் வைத்துக்கொள்ளட்டும். மற்றவருக்குக் கொடுத்தால் பிபி சரிந்து நிலைமை மோசமாகலாம். சில்டெனாஃபில் (வயாக்ரா) வகை மாத்திரை போட்டவருக்கு உயிரே போகலாம். அதை யாரும் நடைக்குழுவில் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை.

நெஞ்சில் இறுக்கம், பாரம், எரிச்சல், அது தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சுத்திணறல்: நடையை நிறுத்தி உட்கார வையுங்கள். சுகர்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வாந்தி, வியர்வை, கடும் அசதி மட்டும் வரலாம். ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால், அல்லது அதற்குள் கூடினால், உடனே 108. ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தக்கசிவு, பக்கவாத அறிகுறி இல்லை என்றால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். 108இல் பேசுபவரிடம் கேட்டே கொடுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது, அவரையே கார் ஓட்டவிடுவது இரண்டும் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுத்து அனுப்பும் "இதயம் காப்போம்" திட்டம் 2023இல் வந்திருக்கிறது. ஊருக்கு வெளியே நடப்பவர்களுக்கு இது பயன்படும்.

விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டு இழுக்கிறது என்றால் அது இதயம் நின்ற நிலை. நெஞ்சின் நடுவில் இரு கையும் வைத்து 5 செ.மீ. ஆழம் அமுக்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும் வரை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், அமுக்குபவர் களைத்தால் ஆழம் குறையும். தண்ணீர் தெளிப்பது, சோடா கொடுப்பதெல்லாம் நேர விரயம்.

---

தசைநார் பதில்:

சுகர்காரர்கள் ஆறு பேருக்கும் நடைமுறை விஷயம் இருக்கிறது. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் நடைக்கு முன் சுகர் பார்த்து, 90க்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்து, சுமாராக மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீரோ ஒரு சிறு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு வரட்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் குறைவு. நடக்கப் போகும் நாளில் இன்சுலினைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுவது நல்லது, வேலை செய்யும் தசை அருகே போட்டால் மருந்து வேகமாக ஏறும். பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று. கை நடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல் வந்தால் முதலில் அதுதான்.

காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்போடு நடக்கக் கூடாது. சாக்ஸ், முன்பக்கம் அகலமான ஷூ, திரும்பி வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது. வளாகக் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்கும் வழக்கம் உங்கள் குழுவிலும் இருந்தால் இந்த ஆறு பேரையும் அதில் விடாதீர்கள், கொப்புளம் வந்தது அவர்களுக்கே தெரியாது.

பிபி மெஷின் வாங்கினால் மாதம் ஒரு ஞாயிறு, நடைக்கு முன் எடுங்கள். நடந்துவிட்டு எடுத்தால் இறக்கமாகக் காட்டி எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். 180/110ஐத் தொட்டவர் அன்று நடக்க வேண்டாம், அன்றே மருத்துவர்.

---

காளப்பட்டி_நடை:

ஷட்டில் கட்சி முகம் சுருங்கிவிட்டது, ஆனாலும் மூன்று மாதம் பொறுக்க ஒத்துக்கொண்டார்கள். பெரிய பட்டையோடு மெஷின் ஆர்டர் போட்டாச்சு. மூன்று கேள்வித் தாளை நாளை எல்லோருக்கும் கொடுக்கிறோம்.

---

மீட்டர்_கை பதில்:

அந்தத் தாளின் அடியில் ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், வீட்டில் கூப்பிட வேண்டியவர் எண் மூன்றையும் எழுதி வாங்கிடுங்க. அப்புறம் கேட் செக்யூரிட்டியிடம் சொல்லி வையுங்க: 108 வண்டி வந்தால் நோட்டில் கையெழுத்து, பிளாட் நம்பர் எதுவும் கேட்காமல் கேட்டைத் திறக்கணும், ஒருத்தர் முன்னாடி ஓடி வழி காட்டணும்.